கிரேடியன்ட் புலங்களின் ஹோமோடோபி: வாசகர் கேள்விகள் நான்கு

வட்டத் தகட்டின் விளிம்பில் எங்கும் பூச்சியமாகாத இரண்டு கிரேடியன்ட் புலங்கள் (ஒரு சார்பு ஒவ்வொரு புள்ளியிலும் மிக வேகமாக ஏறும் திசையைக் காட்டும் அம்புகள்). சாதாரண ஹோமோடோபியால், அதாவது விளிம்பில் பூச்சியமாகாதபடி தொடர்ச்சியாக மாற்றிக்கொண்டே போய், ஒன்றை மற்றொன்றாக்க முடிகிறது. வழிநெடுக கிரேடியன்டாகவே வைத்துக்கொண்டும் மாற்றலாமா?

மாற்றலாம். 1990-இல் கணிதவியலாளர் பருசின்ஸ்கி நிறுவியது இதைத்தான்; எந்தப் பரிமாண உருண்டைக்கும் பொருந்தும். ஆக, வகைப்படுத்த டிகிரி ஒன்றே போதும் (தகட்டில் அது, விளிம்பை ஒருமுறை சுற்றிவரும்போது அம்பு எத்தனை முறை சுழல்கிறது என்ற எண்). சிறுமம், பெருமம், சேணம் என்று பிரித்து எண்ணும் மோர்ஸ் கோட்பாட்டில் ஊறியவர்களுக்கு இது சற்று ஏமாற்றம்தான்.

தளத்தில் கிரேடியன்ட் புலத்தின் தனித்த பூச்சியத்துக்குக் குறியீட்டெண் (அதை மட்டும் சுற்றிய சிறு வட்டத்தில் கிடைக்கும் டிகிரி) 1-ஐத் தாண்டாதே! அப்புறம் டிகிரி 2 எப்படி வரும்?

அந்த வரம்பு ஒவ்வொரு புள்ளிக்கும்தான், மொத்தத்துக்கு அல்ல; உள்ளே இருக்கும் குறியீட்டெண்களின் கூட்டுத்தொகையே டிகிரி. இரண்டு சிறுமங்கள் இருந்தால் நடுவில் ஒரு சேணப் புள்ளி (ஒரு திசையில் ஏறி, மறு திசையில் இறங்கும் இடம்; குறியீட்டெண் −1) வந்து ஒன்றைக் கழித்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது கட்டாயமில்லை. ஆயங்களை அ, இ என்று வைத்து இந்தச் சார்பைப் பாருங்கள்:

(அ²இ − அ − 1)² + (அ² − 1)²

இ-யைப் பொறுத்த வகைக்கெழு 2அ²(அ²இ − அ − 1). இது பூச்சியமாக வேண்டுமானால் அ = 0 ஆக வேண்டும், அல்லது அடைப்புக்குள் இருப்பது பூச்சியமாக வேண்டும். அ = 0 என்றால் மற்ற வகைக்கெழு 2 ஆகிவிடுகிறது; அந்த வழி அடைபட்டது. இரண்டாவது வழியில் மிஞ்சுவது 4அ(அ² − 1) = 0, அதாவது அ = 1 அல்லது −1. ஆக (1, 2), (−1, 0) ஆகிய இரண்டு மட்டுமே. இரண்டும் சிறுமங்கள், சேணம் கிடையாது. ஆதியை மையமாகக் கொண்ட, ஆரம் 3 உள்ள தகட்டில் டிகிரி 2. எனக்கு மிகவும் பிடித்த சார்பு இது.

தளத்தில் சிறுமத்துக்கும் பெருமத்துக்கும் டிகிரி 1. நேர்கோட்டில் கலந்தால் பாதி வழியில் எல்லாமே பூச்சியமாகிறதே?

ஆகத்தான் செய்யும். இருபடி வடிவங்களுக்குள்ளேயே (அ², அஇ, இ² மட்டும் உள்ள சார்புகள்) சுற்றினாலும் வழி கிடைக்காது. அவற்றின் ஐகன் மதிப்புகள் (முதன்மைத் திசைகளில் வளைவைச் சொல்லும் எண்கள்) மெய்யெண்கள்; சிறுமத்தில் நேர், பெருமத்தில் எதிர்; பூச்சியத்தைத் தொடாமல் குறி மாற முடியாது. இருபடியை விட்டு வெளியே வர வேண்டும். முப்பரிமாணத்தில் டிகிரிகளே 1, −1 என்று வேறுபடுவதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் கிரேடியன்ட் என்ற நிபந்தனையால் புதிதாக எதுவும் கிடைக்காதா?

சமச்சீர் சேர்ந்தால் கிடைக்கும். தகட்டின் எல்லாச் சுழற்சிகளுக்கும் ஏற்றபடி மாறும் புலங்களை மட்டும் எடுங்கள். வெளிநோக்கிய புலத்தின் அம்புகளை எல்லாம் ஒரே கோணத்தில் மெல்லத் திருப்பினால், 180 பாகையில் உள்நோக்கிய புலம் வந்துவிடும், சமச்சீரும் கெடாது. ஆனால் 90 பாகையில் அது மையத்தைச் சுற்றியோடும் புலம், கிரேடியன்ட் அல்ல. சமச்சீருள்ள சார்பு ஆரத்தை மட்டுமே சார்ந்தது, அதனால் அதன் கிரேடியன்ட் ஆரத்தின் வழியேதான் போகும். விளிம்பில் பூச்சியமாகாமல் திசை மாற அதற்கு வழியே இல்லை. எனவே இங்கே அவை இரண்டும் வெவ்வேறு வகுப்புகள். இப்படிப்பட்ட வட்டச் சமச்சீருக்கென்றே 1985-இல் கணிதவியலாளர் டான்சர் ஒரு புதிய டிகிரியை வரையறுத்தார்.