ஜார்ஜ் ஹாரிசனின் மூன்று இசைத்தட்டுகள்: கேள்வி பதில்

பீட்டில்ஸ் உடைந்த அதே 1970-ல், நவம்பர் மாதம் அந்தக் குழுவின் கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் வெளியிட்ட ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ ஆல்பம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையில் பதில் தருகிறேன். ஜார்ஜின் மனைவி பேட்டி பாய்ட், அவர் நண்பரான கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் குடும்ப விவகாரம் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்து வைத்துவிட்டேன். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

கல்லூரி மாணவர்: அண்ணா, மூன்று தட்டு இருக்கிறதே, எங்கே ஆரம்பிப்பது?

முதல் தட்டின் முதல் பாட்டிலிருந்து. ‘மை ஸ்வீட் லார்ட்’ இரண்டாவதாகத் தானே வரும், அதற்காகத் தாவ வேண்டாம். முதல் இரண்டு தட்டுகள்தான் பாட்டு. மூன்றாவது, ‘ஆப்பிள் ஜாம்’, இடைவேளையில் நண்பர்கள் வாசித்துத் தீர்த்தது. அதில் ஒரு நிமிடம்கூட ஓடாத துண்டு ஒன்று ஜான் லெனனின் 30-வது பிறந்தநாளுக்காகச் செய்தது. மூன்றாவதைக் கேட்காவிட்டால் குற்றமில்லை.

பெயர் சொல்லாதவர்: ஒரே ஆளிடம் அத்தனை பாட்டு எப்படிச் சேர்ந்தது?

நல்ல கேள்வி. பீட்டில்ஸில் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதித் தள்ளுவார்கள். ஜார்ஜுக்கு ஒரு ஆல்பத்தில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ பாட்டு. மீதி எல்லாம் அவர் பெட்டியிலேயே கிடந்தது. ‘இஸின்ட் இட் எ பிட்டி’ 1966-லேயே எழுதியது. குழு அதை ஒதுக்கியது. தலைப்புப் பாட்டை 1969 ஜனவரி ஒத்திகையில் பல தடவை வாசித்துப் பார்த்தார்கள், ஒன்றும் தேறவில்லை. பிப்ரவரி 25 அன்று, தன் 26-வது பிறந்தநாளில், ஜார்ஜ் தனியாக ஸ்டூடியோவுக்குப் போய் அதை மாதிரிக்குப் பதிவு செய்து வைத்துக்கொண்டார்.

அதற்கு முன்னால் ஜனவரி 10 அன்று ஒத்திகையின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். வீட்டுக்குப் போய் எழுதியதுதான் ‘வா-வா’. கிட்டாருக்குக் காலால் மிதிக்கும் பெடலின் பெயர் அது. பாட்டில் அது வெறும் பெடல் இல்லை, மண்டையிடி. கோபத்தில் எழுதிய பாட்டை ஒன்றரை வருடம் கழித்து, ரிங்கோ, கிளாப்டன், கிளாஸ் வூர்மன், பேட்ஃபிங்கர் குழு என்று ஒரு பட்டாளத்தையே உட்கார வைத்துப் பதிவு செய்தார். கோபம் போய்க் கொண்டாட்டம் ஆகிவிட்டது. முதல் பத்து விநாடியைக் கேளுங்கள்: ஒரு கிட்டார் தனியாகத் தொடங்கும், அப்புறம் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள், கடைசியில் யார் எது வாசிக்கிறார்கள் என்றே பிரிக்க முடியாது. இந்த ஆல்பத்தின் குணமே அதுதான். ‘இனி நான்தான் நட்சத்திரம்’ என்று காட்டிக்கொள்ள வேண்டிய நேரத்தில் மனுஷன் கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டார்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். பதிவு நடந்துகொண்டிருந்த 1970 ஜூலையில்தான் அவர் அம்மா புற்றுநோயில் இறந்தார். சாவைப் பற்றிய பாட்டுகள் அதற்கு முன்பே எழுதியவை. ஆனாலும் அந்தக் குரலைச் சும்மா கேட்டுவிட்டுப் போக முடிவதில்லை.

கிட்டார் பழகுபவர்: சார், அந்த ஸ்லைடு (கம்பி மேல் குழாயை வழுக்கி வாசிப்பது) சத்தம் எப்படி வருகிறது?

1969 டிசம்பரில் டிலேனி அண்ட் பானி குழுவோடு சுற்றுப்பயணம் போனபோதுதான் ஜார்ஜ் ஸ்லைடு வாசிப்பில் தீவிரமாக இறங்கினார். அதாவது ‘மை ஸ்வீட் லார்ட்’ பதிவின்போது அவருக்கு அது புது வித்தை. நீங்கள் கேட்பது ஒரு கிட்டார் இல்லை, இரண்டு. முதலில் ஒன்றைப் பதிவு செய்து, அதன் மேல் இன்னொன்றை இசைவாக ஏற்றியிருக்கிறார். ப்ளூஸ்காரர்கள் ஸ்லைடில் முரட்டுத்தனமாக இழுப்பார்கள், இவர் பாடகர் மாதிரி ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவார். ரவிசங்கரிடம் சிதார் கற்றுக்கொண்ட காது அது. வேகத்தை விடுங்கள், ஒவ்வொரு சுரத்திலும் சரியாகப் போய் நிற்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

‘வாட் இஸ் லைஃப்’ பாட்டில் ரிதம் கிட்டார் யார்?

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த ஆல்பத்தில் எந்தப் பாட்டில் யார் வாசித்தது என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். அட்டையில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, பாட்டு வாரியாக இல்லை. பட்டியலில் வராதவர்களும் வாசித்திருக்கிறார்கள். வாசித்தவர்களின் நினைவுகளே ஒன்றுக்கொன்று முட்டுகின்றன.

ஃபில் காலின்ஸ் இதில் வாசித்தாராமே?

வாசித்தார். பின்னாளில் பெரிய நட்சத்திரமான அவர் அப்போது 19 வயதுப் பையன், ‘ஆர்ட் ஆஃப் டையிங்’ பாட்டுக்கு காங்கா, அதாவது கையால் தட்டும் முரசு. வெளிவந்த பதிவில் அவர் வாசிப்பு இல்லை. 2001 மறுவெளியீட்டை ஒட்டி ஜார்ஜ் அவருக்கு ஒரு டேப் அனுப்பினார். கேட்கவே சகிக்காத காங்கா. இவ்வளவு மோசமாகவா வாசித்தோம் என்று காலின்ஸ் நொந்துபோனார். அது தாளவாத்தியக்காரர் ரே கூப்பரை வேண்டுமென்றே சொதப்பி வாசிக்கச் சொல்லிச் செய்த குறும்பு என்று பிறகுதான் தெரிந்தது.

பாட்டு டீச்சர்: ‘மை ஸ்வீட் லார்ட்’ திருட்டுப் பாட்டு என்று கோர்ட் சொன்னதாம். வாசித்துப் பார்த்தேன், அதுவும் ‘ஹீ இஸ் ஸோ ஃபைன்’ பாட்டும் மோகனத்துச் சுரங்கள். மோகனம் யார் வீட்டுச் சொத்து?

டீச்சர், உங்கள் காது சரி. வழக்கில் பேசப்பட்ட இரண்டு துணுக்குகளும் ஸ ரி க ப த என்ற ஐந்துக்குள்ளேயே அடங்கும். ஆனால் யாரும் அந்த ஐந்து சுரங்களுக்காக வழக்குப் போடவில்லை. ‘வரவீணா’ கீதமும் மோகனம், ‘நின்னுகோரி’ வர்ணமும் மோகனம். ஒன்றைக் கேட்டு இன்னொன்று என்று யாராவது ஏமாறுவார்களா?

தீர்ப்பைப் பாருங்கள். ஷிஃபான்ஸ் குழு பாடிய 1963 பாட்டான ‘ஹீ இஸ் ஸோ ஃபைன்’-ல் முதல் துணுக்கு ‘ப க ரி’, நான்கு முறை. அடுத்தது ‘ப த ஸ த ஸ’, அதுவும் நான்கு முறை. இரண்டாவது துணுக்கு திரும்ப வரும்போது ஒரு சின்ன ஒட்டுச்சுரம் விழும். ஜார்ஜின் பாட்டில் முதல் துணுக்கு நான்கு முறை, இரண்டாவது மூன்று முறை, நான்காவதின் இடத்தில் வேறொரு இணைப்பு. ஜார்ஜின் பாட்டை அமெரிக்கப் பாடகர் பில்லி பிரஸ்டன் முதலில் பாடிய பதிவில் அந்த ஒட்டுச்சுரமும் அதே இடத்தில் விழுகிறது. துணுக்குகள் தனித்தனியாகப் பெரிய விஷயமில்லை, இந்த அடுக்குதான் மாட்டிவிட்டது. தீர்ப்பு எழுதிய நீதிபதி ரிச்சர்ட் ஓவன் தானும் இசையமைப்பவர் என்பதை மறக்க வேண்டாம்.

பாட்டு டீச்சர், மறுபடி: அப்படியானால் வேண்டுமென்றே எடுத்தார் என்கிறீர்களா?

இல்லை, நீதிபதியும் அப்படிச் சொல்லவில்லை. ‘ஓ ஹேப்பி டே’ என்ற தேவாலயப் பாட்டுத்தான் தன் மனதில் இருந்தது என்றார் ஜார்ஜ். 1976-ல் கோர்ட்டிலேயே கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டினார். தெரிந்து செய்யவில்லை, ஆழ்மனதில் கிடந்தது வெளியே வந்துவிட்டது, ஆனாலும் சட்டப்படி மீறல்தான் என்பது தீர்ப்பு.

ஒரு வக்கீல்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பதிப்புரிமையில் நோக்கம் தேவையில்லை. கேட்டிருக்க வாய்ப்பு உண்டா, ஒத்திருக்கிறதா, இரண்டுதான் கேள்வி. டீச்சர் ராகத்தைக் கொண்டுவந்து வழக்கைக் குழப்புகிறார்.

வாய்ப்பு இருந்தது சார். அந்தப் பாட்டு 1963-ல் அமெரிக்காவில் முதலிடம், இங்கிலாந்திலும் ஓடியது. டீச்சர் குழப்பவில்லை. ஐந்து சுரத்துக்குள் இரண்டு மெட்டு ஒன்றையொன்று தொட்டுக்கொள்வது சகஜம் என்பது நியாயமான வாதம். ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட பகுதிதான் எனக்குப் பெரிசு. வழக்கு தொடங்கியபோது ஜார்ஜின் மேனேஜர் ஆலன் க்ளைன். ‘ஹீ இஸ் ஸோ ஃபைன்’ உரிமையை வைத்திருந்த எதிர்த்தரப்பு பிரைட் ட்யூன்ஸ் நிறுவனத்தை வாங்குவதாக ஜார்ஜுக்காகப் பேசியவரே அவர்தான். பிற்பாடு உறவு முறிந்ததும், 1978-ல் அந்த நிறுவனத்தைத் தானே 5,87,000 டாலருக்கு வாங்கிவிட்டார். தன் பழைய கட்சிக்காரரிடமே நஷ்டஈடு வசூலிக்கும் ஏற்பாடு! நஷ்டஈடு சுமார் 16 லட்சம் டாலர் என்று கணக்கானது. ஆனால் க்ளைன் இதில் லாபம் பார்க்கக் கூடாது, வாங்கிய விலையை மட்டும் பெற்றுக்கொண்டு உரிமையை ஜார்ஜிடம் கொடு என்று 1981-ல் கோர்ட் சொன்னது. அதற்குப் பிறகும் இழுபறி 1998 வரை போனது. ‘ஹீ இஸ் ஸோ ஃபைன்’ எழுதிய ரானி மேக், பாவம், 1963-லேயே இளம் வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாட்டு டீச்சர்: ஒட்டுச்சுரம் எல்லாம் ஒரு சாட்சியா? அதைப் பாடகர் மனோதர்மத்தில் எங்கே வேண்டுமானாலும் போடுவார்.

போடுவார் டீச்சர். ஆனால் அதே அடுக்கு, அதே எண்ணிக்கை, அதே மூலை. இந்த மூன்றும் சேர்ந்து வந்ததை எப்படித் தள்ளுவது? இசையாக எனக்கு ஜார்ஜின் பாட்டுத்தான் பல மடங்கு பெரிது. ‘அல்லேலூயா’ என்று கோரஸை இழுத்துக்கொண்டு போய், கேட்பவருக்கே தெரியாமல் ‘ஹரே கிருஷ்ணா’வுக்கும் ‘குருர் பிரம்மா’ சுலோகத்துக்கும் கொண்டு விடுகிறார். அது யாரிடமும் எடுத்ததில்லை. இந்த ஒன்றை வைத்தே நாள் போய்விடும் போலிருக்கிறது, அடுத்தவருக்கு வழி விடுவோம்.

ஒருவர்: ‘மை ஸ்வீட் லார்ட்’ காப்பியா?

மேலே படியுங்கள்.

இன்னொருவர்: ‘மை ஸ்வீட் லார்ட்’ காப்பி என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

மேலே.

ரெக்கார்டு சேர்ப்பவர்: எந்தப் பதிப்பை வாங்கலாம்? எதிரொலி அதிகம் என்கிறார்களே.

கூட்டுத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர். ஒரே அறையில் இரண்டு டிரம், இரண்டு மூன்று பியானோ, வரிசையாக அக்கூஸ்டிக் கிட்டார் என்று ஒலியால் சுவர் எழுப்புகிறவர். பாதியில் குடியும் உடல்நிலையும் அவரை வெளியே தள்ளிவிட்டன. மீதி வேலை ஜார்ஜ் தலையில். எதிரொலி அதிகமாகிவிட்டது என்று ஜார்ஜே பிற்காலத்தில் வருத்தப்பட்டார். 2021 பதிப்பில் ஒலிக்கலவையை மறுபடி செய்த பால் ஹிக்ஸ் குரலை முன்னால் கொண்டுவந்து மூட்டத்தைக் கலைத்திருக்கிறார். ‘பிவேர் ஆஃப் டார்க்னஸ்’ பாட்டுக்கு அது நல்லது. ‘வா-வா’வுக்கு மூட்டம் வேண்டும், அதற்குப் பழையதே. பழைய பெட்டி வாங்கினால் மூன்று தட்டும் உள்ளே இருக்கும் போஸ்டரும் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். போஸ்டர் சுவரேறிப் போன பெட்டிகள்தான் அதிகம்.

அட்டையில் உள்ள நான்கு குள்ளர் பொம்மைகள் நான்கு பீட்டில்ஸ்தானே?

ஜார்ஜின் வீடான ஃப்ரையர் பார்க் தோட்டத்துப் பொம்மைகள். நான்கு என்பதால் அப்படிப் படிக்கிறார்கள், படியுங்கள்.

‘ரன் ஆஃப் த மில்’ பாட்டில் அக்கூஸ்டிக் கிட்டார் யார் யார்?

எச்சரிக்கை மேலே இருக்கிறது.

இந்த ஆல்பம் இங்கிலாந்தில் முதலிடம் வரவில்லை என்று ஒரு பழைய புத்தகத்தில் பார்த்தேன்.

பழைய புத்தகம் என்பதால். 1971 தொடக்கத்தில் அங்கே தபால் வேலைநிறுத்தம். கடைகளிலிருந்து விற்பனைக் கணக்கு வரவில்லை, அதிகாரப்பூர்வப் பட்டியலே தயாராகவில்லை. 2006-ல் அந்த வாரங்களுக்கு ‘மெலடி மேக்கர்’ பத்திரிகையின் பட்டியலை எடுத்துக்கொண்டு திருத்தினார்கள். எட்டு வாரம் முதலிடம். அமெரிக்காவில் ஏழு வாரம், அதில் என்றுமே சந்தேகம் இருந்ததில்லை.

வக்கீல்: டீச்சரிடம் ஒரு கேள்வி பாக்கி. ஷிஃபான்ஸ் குழுவே ‘மை ஸ்வீட் லார்ட்’டைப் பாடி வெளியிட்டார்களாமே, அது எந்த ராகம்?

1975-ல் பாடினார்கள், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே. ராகத்தை நீங்கள் இருவரும் தனியாகப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.