112இல் 41ஆவது

கேள்வி: கடந்த ஆண்டில் நான் 112 நூல்களைப் படித்து முடித்திருக்கிறேன், பட்டியலை இத்துடன் இணைத்துள்ளேன். பத்திரிகை ஆசிரியராகிய நீங்கள், ஆண்டு முழுவதும் படித்தவற்றில் பிடித்த 10 நூல்களை வரிசைப்படுத்தி வெளியிட ஏன் தயங்குகிறீர்கள்? அவ்வப்போது நீங்கள் குறிப்பிடும் நூல்களும் பழையனவாகவே இருக்கின்றனவே?
— ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். ஆண்டுக்கு 112 என்றால் ஏறத்தாழ மூன்றேகால் நாளுக்கு ஒரு நூல். வேலைக்கும் போய்க்கொண்டு இதைச் செய்திருக்கிறீர்கள் என்றால் அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நூலின் பெயர், ஆசிரியர், பக்கங்கள், ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நான்கு கட்டங்கள் போட்டு நிரப்பிய அந்தத் தாள்களில், எந்த நூலின் எந்த இடத்தில் நீங்கள் சற்று நின்றீர்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. 41ஆம் எண்ணில் மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’ இருக்கிறது. இரண்டு மதிப்பெண், பக்கத்தில், ‘அறிவுரை அதிகம்’.

என் கணக்கு சிறியது. 31 நூல்களை முடித்தேன். ஒன்பதைப் பாதியில் வைத்துவிட்டேன், அவற்றுள் இரண்டு நண்பர்கள் எழுதியவை என்பதால் பெயர் சொல்லப் போவதில்லை. முடித்தவற்றில் பிடித்தவை எவை என்று கேட்டால் தயங்காமல் இரண்டைச் சொல்வேன். அவற்றை முதலாவது, இரண்டாவது என்று நிறுத்த என்னால் இயலாது. ஏன் என்பதைத்தான் விளக்க வேண்டும்.

முதலில் படித்தது, வலியைப் பற்றி அறுவை மருத்துவர் பால் பிராண்டும் பிலிப் யான்சியும் சேர்ந்து எழுதி 1993இல் வெளிவந்த ஆங்கில நூல். பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை இடம்மாற்றி நிமிர்த்தும் சிகிச்சையை இங்கே வளர்த்தவர். துருப்பிடித்த ஒரு பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் அவர் திணறிக்கொண்டிருக்க, நோயுற்ற பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிடுகிறான். இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது என்று வியக்கும்போதே தரையில் இரத்தம் சொட்டுவதைக் காண்கிறார். சாவி சிறுவனின் விரலை எலும்பு தெரியும் அளவுக்கு அறுத்திருக்கிறது, அவனோ அதை அறியாமல் நிற்கிறான். இரவில் விரல்களை எலிகள் கடித்துத் தின்றும் விழிக்காத நோயாளிகளுக்காகப் பூனைகள் வளர்க்கக் கொடுத்த செய்தியும் இதே நூலில் வருகிறது. விரல் தானாக அழுகி விழுவதில்லை; நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், நாள்தோறும் படும் காயத்தில் தேய்ந்து போகிறது என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. காட்பாடிப் பக்கத்துக் கரிகிரித் தொழுநோய் மருத்துவமனை வழியாக எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன். ஒருநாளும் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை.

இதை முடித்த அதே வாரத்தில், வேலூர்ப் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே நடைபாதைக் கடையில் 30 ரூபாய்க்கு ‘அகல் விளக்கு’ கிடைத்தது. யாரோ ஒரு மாணவர் பென்சிலால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் ‘முக்கிய வினா’ என்று எழுதி வைத்திருந்தார். 1961இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற இந்த நாவலை நானும் அந்த மாணவரைப் போலத் தேர்வுக்காகத்தான் முதலில் படித்தேன். உங்களைப் போலவே, அறிவுரை மிகுதி என்று மூடி வைத்தேன். அந்தக் குறை இன்றும் குறைதான். இம்முறை கண்ணில் பட்டது வேறு. வாலாசாவில் கதை சொல்லும் வேலய்யன், அழகிலும் அறிவிலும் தன்னை மிஞ்சிய சந்திரனைப் பார்த்துப் பார்த்து வியக்கிறான்; அந்த வியப்பு கடைசிவரை தணிவதே இல்லை. சந்திரன் தடம் புரண்டு, உடல் கெட்டு, நோயோடு வந்து மடிகிறான். ஒழுக்கம் தவறியவன் உடலில் தண்டனை இறங்கும் என்று ஆசிரியர் கணக்குத் தீர்க்கிறார். நோயைக் குற்றத்தின் விளைவாகப் பார்க்காமல் நரம்பின் கதையாகப் படித்துவிட்டு வந்த எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. ஆனால் நோயாளியாகத் திரும்பியவனிடம் வேலய்யன் காட்டும் பரிவில், ஆசிரியரின் தீர்ப்பை அவருடைய பாத்திரமே மீறுவதாக எனக்குத் தோன்றியது. மாற்று வரிசையில் படித்திருந்தால் இரண்டில் எதுவும் எனக்கு இப்படித் திறந்திருக்காது. இந்த இரண்டில் எதற்கு நான்கரை, எதற்கு நான்கு என்று நான் போடுவது?

பழைய நூல்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். என் ஆண்டு சனவரியில் தொடங்குவது உண்மைதான். நூல்களின் ஆண்டு அப்படித் தொடங்க வேண்டியதில்லை. 1881இல் ஏ. எஃப். காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டைச் சென்ற கோடையில் புரட்டினேன்; பாலாற்று மணலைத் தோண்டி ஊற்றுக்கால் எடுத்துப் பாய்ச்சிய பாசனத்தை, மணலே இல்லாத ஆற்றின் கரையில் வாழ்பவன் படிக்கும்போது அது பழைய நூலாகத் தெரியவில்லை. உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் வரக்கூடிய பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவனின் ‘தகப்பன்கொடி’ உங்கள் 112இல் இல்லாததையும் கவனித்தேன். கைநழுவிப் போன நிலத்தின் கதை அது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

இவ்வாண்டு வெளியானவற்றில் இரண்டை வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். ஒன்றில் 60ஆம் பக்கத்தில் நிற்கிறேன். உங்கள் பட்டியலைத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். 41ஆம் எண்ணுக்கு எதிரே உள்ள இரண்டு சொல்லை அடித்துவிட்டு, அந்த நாவலில் உங்களுக்கு எரிச்சல் மூட்டிய இடம் எது என்று நான்கு வரி எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் இதே பக்கத்தில் வெளியிடுவேன்.