பின்கதவைத் திறந்து பாருங்கள்: பழைய மேஜைக் கடிகாரக் கேள்வி-பதில்

தாத்தா வைத்திருந்த மரக் கடிகாரத்தின் டயலில் 'பி.ஆர் அண்டு சன்ஸ், மெட்ராஸ்' என்று இருக்கிறது. இங்கேயே செய்ததா? (பழைய வண்ணாரப்பேட்டை)

மவுன்ட் ரோடு பி.ஆர் கடை விற்றது என்பது வரைக்கும் சரி. அந்தக் காலத்துப் பெரிய கடைகள் கடிகாரத்தை வெளிநாட்டிலிருந்து தருவித்து, டயலில் தங்கள் பெயரைப் போட்டு விற்பது வழக்கம். செய்தவர் யார் என்று தெரிய பின்கதவைத் திறந்து, மெஷினின் பித்தளைத் தகட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். எட்டு முனை நட்சத்திரத்துக்குள் 'ஜே' எழுத்து இருந்தால் ஜெர்மனியின் ஜங்ஹான்ஸ். குறுக்காக இரண்டு அம்புகள் என்றால் ஹாம்பர்க் அமெரிக்கன் கம்பெனி. அதுவும் ஜெர்மனிதான், பிறகு ஜங்ஹான்ஸோடு சேர்ந்துவிட்டது. ஜங்ஹான்ஸ் மெஷின் பலவற்றில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். 'பி 08' என்றால் 1908ஆம் ஆண்டின் பிற்பாதி. 'ஏ' என்றால் முற்பாதி.

உள்ளூர்க் கடைப் பெயரால் விலை குறையாது. மெட்ராஸ் சரித்திரத்தில் ஆர்வமுள்ளவர்கள் அதற்காகவே வாங்குவார்கள்.

பெரம்பூரில் குடியிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது கறுப்புப் பளிங்குக் கடிகாரம் ஒன்றை வாங்கினோம். 'செத் தாமஸ்' என்று போட்டிருக்கிறது. தூக்கினால் கனமே இல்லை.

கனம் இல்லையென்றால் பளிங்கு இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து செத் தாமஸ் கம்பெனி மரப்பெட்டியின் மேல் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக் தகடு ஒட்டி, பளிங்கு மாதிரியே செய்து விற்றது. அதற்கு 'அடமன்டைன்' என்று பெயர். போலி என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், அதைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையைப் பாருங்கள். ஆண்டைத் தலைகீழாக அச்சடித்திருப்பார்கள்: 8981 என்றால் 1898. பக்கத்தில் இருக்கும் எழுத்து மாதம். 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர்.

தின்னர், ஸ்பிரிட் வைத்துத் துடைக்க வேண்டாம், மேல்தகடு கரையும். செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும் பொருள், அதனால் பூஜை விளக்குப் பக்கமும் வேண்டாம்.

சாவியை அளவுக்கு மேல் முறுக்கிவிட்டோம், நின்றுவிட்டது. தேங்காய் எண்ணெய் விடலாமா? (காசிமேடு)

விடாதீர்கள்! அது காய்ந்து பிசினாகி, தூசியைப் பிடித்துப் பல்சக்கர அச்சுகளைத் தின்றுவிடும். முழுசாக முறுக்கியதால் கடிகாரம் நிற்பதில்லை. பழைய எண்ணெய் கெட்டியாகி, ஸ்பிரிங்கின் பலத்தையும் மீறி இறுகிக்கொண்டிருக்கும். உங்கள் பக்கம் உப்புக் காற்று வேறு, துருவும் ஏறியிருக்கலாம். மெஷினைக் கழற்றிக் கழுவி, கடிகார எண்ணெயைத் துளித்துளியாக விடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நீங்களே ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டாம். முறுக்கிய ஸ்பிரிங் விடுபட்டால் விரலைப் பதம் பார்த்துவிடும்.

வாங்க வந்தவர் சொன்ன விலையும் ஆன்லைனில் போட்டிருக்கும் விலையும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. எதை நம்புவது? (ராயபுரம்)

இரண்டையும் அப்படியே நம்பாதீர்கள். ஆன்லைனில் இருப்பது கேட்கிற விலை. ஏலத்தில் கடைசியாக எவ்வளவுக்குக் கைமாறியது என்று தேடுங்கள். வியாபாரி தன் லாபத்தையும் ரிப்பேர் செலவையும் கழித்துத்தான் கேட்பார், அதில் தப்பில்லை.

நான் முதலில் பார்ப்பது, மெஷினும் பெட்டியும் பிறந்ததிலிருந்து ஜோடியா என்பதை. பின்பலகையில் சம்பந்தமில்லாத ஆணி ஓட்டைகள் இருந்தால் சந்தேகப்படுங்கள். சாவி மெஷினை எடுத்துவிட்டு பேட்டரி மெஷின் போட்டிருந்தால் வெறும் பெட்டிக்கான விலைதான். முன்பக்கம் மூன்று சாவித் துவாரம் இருந்தால் பொதுவாக, கால் மணிக்கொரு தரம் ராகம் இசைப்பது. மணிக்கணக்கு மட்டும் அடிக்கும் இரண்டு துவாரக் கடிகாரத்தைவிடக் கூடுதலாகப் போகும். 'சுத்தமான தேக்கு' என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிக்கு மேல் மலிவான மரத்தில் ஒட்டிய மெல்லிய மேல்தகடுதான். விற்பதற்கு முன் புது பாலிஷ் போடாதீர்கள்.

டயலில் நாலுக்கு நாலு கோடு போட்டிருக்கிறது. டூப்ளிகேட்டா? (கொருக்குப்பேட்டை)

இல்லை. ரோமன் எண் போட்ட கடிகாரங்களில் அதுதான் வழக்கம்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் எடுத்துப் போக ஆசைப்படுகிறான். (தண்டையார்பேட்டை)

முதலில் வயதைக் கண்டுபிடியுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது தாண்டிய சரித்திர மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. அந்த வகையில் வராது என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி வைத்துக்கொண்டால் விமான நிலையத்தில் தகராறு இல்லை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அந்தத் துறையின் சென்னை வட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். அனுமதி கிடைத்தால், பெண்டுலத்தைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். மாட்டியபடியே போனால் அது தொங்குகிற மெல்லிய தகடு ஒடிந்துவிடும்.