பானெட்டைத் திறந்து பாருங்கள்: தில்லிப் புழுதியும் ஏர் ஃபில்டரும்

(கார் பராமரிப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், தில்லி முனிர்க்காவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர்.)

கேள்வி: எங்களுடையது எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார். ஒவ்வொரு சர்வீஸிலும் ஏர் ஃபில்டர் மாற்றியதாக பில் வருகிறது, கூலி தனி. இதை நானே வீட்டில் மாற்ற முடியுமா? ஸ்க்ரூ டிரைவர் தவிர வேறு கருவி எதுவும் என்னிடம் இல்லை.
– வாசகி, மயூர் விகார்

பதில்: தாராளமாக முடியும் அம்மா. அந்த ஸ்க்ரூ டிரைவரோடு இரண்டு சுத்தமான பழந்துணி இருந்தால் போதும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பு, என்ஜின் ஆறியிருக்கும்போது செய்யுங்கள்.

பானெட்டைத் திறந்ததும் மடிப்பு மடிப்பாக ஒரு தடித்த ரப்பர் குழாய் தெரியும். அது என்ஜினிலிருந்து கிளம்பி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியில் போய்ச் சேரும். ஃபில்டர் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. மூடியைக் கம்பிக் கிளிப்புகளோ ஸ்க்ரூக்களோ பிடித்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் மூடி அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். எங்கேயோ ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். சில வண்டிகளில் மூடியிலோ குழாயிலோ சென்சார் ஒன்று இருக்கும். அதன் கனெக்டரைக் கழற்ற வேண்டி வந்தால் பூட்டை அழுத்தி எடுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

பழைய ஃபில்டரை வெளியே எடுப்பதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் மேலே என்ற சந்தேகம் பிறகு வராது. எடுக்கும்போது மெதுவாக, சாய்க்காமல் எடுங்கள். தட்டி உதற வேண்டும் என்று கை பரபரக்கும். பெட்டிக்கு மேலே வைத்து உதறிவிடாதீர்கள், வேப்பிலைச் சருகும் மண்ணும் என்ஜின் பக்கம் விழுந்துவிடும். என்ஜினுக்குப் போகும் குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு, பெட்டியை ஈரம் பிழிந்த துணியால் துடையுங்கள். அடைத்த துணியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

அடுத்து சொல்வதை மெக்கானிக்குகள் பலர் பார்ப்பதே இல்லை. ஃபில்டருக்கு அப்பால், அதாவது காற்று சுத்தமாகி என்ஜினுக்குள் போகும் பக்கத்தில், வெள்ளைத் துணியை விரலில் சுற்றி ஒரு முறை துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே வர வேண்டும். மண் ஒட்டி வந்தால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது ஓரத்து ரப்பர் கிழிந்திருக்கிறது. அந்த வழியாக உள்ளே போகும் மண், பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உரசித் தேய்க்கும். என்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பிப்பது இப்படித்தான். அழுக்கான ஃபில்டர் வண்டியை மந்தமாக்கும், அவ்வளவுதான். சரியாக உட்காராத ஃபில்டர் என்ஜினையே தின்றுவிடும்.

அதனால் புது ஃபில்டரை வைத்ததும் ரப்பர் ஓரம் முழுக்கப் பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூடியின் ஒரு பக்கம் நாக்கு மாதிரி இருந்தால் அதை முதலில் அதன் துவாரத்தில் செருகுங்கள், அப்புறம் கிளிப் போடுங்கள். கனெக்டரைக் கழற்றியிருந்தால் 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை மாட்டுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் கேளுங்கள். 'உஸ்' என்று காற்று உறிஞ்சும் புதுச் சத்தம் கேட்டாலோ டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிந்தாலோ, வண்டியை அணைத்துவிட்டு மூடியையும் குழாயையும் மறுபடி பாருங்கள்.

ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்றத் தேவையில்லை. உங்கள் கார் புத்தகத்தில் சாதாரணச் சாலைக்கு ஒரு கணக்கும் புழுதிச் சாலைக்கு ஒரு கணக்கும் இருக்கும். நம் ஊருக்கு இரண்டாவதைப் பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் ஆந்தி (புழுதிப் புயல்) ஒரே மாலையில் கொண்டுவந்து கொட்டும் மண்ணை நீங்களும் பால்கனியில் பார்த்திருப்பீர்கள். மழை தொடங்கியதும் ஜூலையில் ஒரு முறை திறந்து பார்த்தால் நல்லது. அதற்காக வாராவாரம் திறக்க வேண்டாம். கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். திறந்து திறந்து மூடினால்தான் ஓரம் கெடும்.

கேள்வி: ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்றார்கள். மாற்றினேன், கூடவில்லை. டூப்ளிகேட்டா?
– வாசகர், துவாரகா

பதில்: ஃபில்டர் மேல் குற்றமில்லை சார். கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 காலத்தில் அது உண்மை. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், பெட்ரோல் குறையாது, கரும்புகை வரும். இப்போதைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்தது. ஃபில்டர் அடைத்திருந்தாலும் புதிய வகை கார்களில் மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை, வேகம் பிடிப்பதுதான் மந்தமானது. ஃபில்டர் மாற்றுவது என்ஜினின் ஆயுளுக்காக. மைலேஜுக்கு டயரில் காற்றழுத்தத்தைப் பாருங்கள்.

கேள்வி: காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் ஏர் ஃபில்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? கழுவிப் பயன்படுத்தும் ஃபில்டரும் காட்டினார்கள்.
– வாசகர், கரோல் பாக்

பதில்: காஷ்மீரி கேட்டில் நல்ல சரக்கும் உண்டு, போலியும் உண்டு. பழைய ஃபில்டரைக் கையோடு கொண்டுபோங்கள். ஃபில்டரின் விளிம்புச் சட்டகத்தில் அச்சிட்ட எண்ணை ஒப்பிடுங்கள், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அளவு பாருங்கள். ஓரத்து ரப்பரை அழுத்தினால் மெத்தென்று அமுங்கித் திரும்ப எழ வேண்டும். காகித மடிப்புகள் ஒரே சீராக இருக்க வேண்டும். கோணல்மாணலாக இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பில் கொடுக்காத கடையில் வாங்காதீர்கள்.

எண்ணெய் தடவிய கழுவும் ஃபில்டரை தில்லியில் ஓடும் குடும்பக் காருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எண்ணெய் கூடினால் காற்றளவு சென்சாரில் படியும், குறைந்தால் மண் உள்ளே போகும். இன்னொன்று, காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவே கூடாது. கம்ப்ரசர் காற்றை ஃபில்டருக்கு மிக அருகில் வைத்து அடித்தாலும் காகிதம் கிழியும், கிழிசல் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: நவம்பரில் காருக்குள் புகை வாடை தாங்கவில்லை. ஏர் ஃபில்டரை மாற்றியும் போகவில்லை.
– வாசகி, ஜனக்புரி

பதில்: அது வேறு ஃபில்டர் அம்மா. நீங்கள் சுவாசிக்கும் காற்றை வடிகட்டுவது கேபின் ஃபில்டர். பல கார்களில் முன் சீட்டுக்கு எதிரே உள்ள டேஷ்போர்டு அறைக்குப் பின்னால் இருக்கும். வாடைக்குக் கரி சேர்த்த வகையைக் கேட்டு வாங்குங்கள். அதில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், பார்த்துப் போடுங்கள். புகைமூட்ட நாட்களில் ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்து ஓட்டுங்கள்; நீண்ட தூரம் போகும்போது இடையிடையே சற்று வெளிக்காற்றும் விடுங்கள்.

கேள்வி: ஃபில்டர் பெட்டிக்குள் வேர்க்கடலைத் தோல் குவிந்திருந்தது! எப்படி?
– வாசகர், ராமகிருஷ்ணபுரம்

பதில்: எலிதான். குளிர்காலத்தில் ஓட்டாமல் நிற்கும் வண்டிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபில்டரைக் கடித்திருக்கும், அதனால் தட்டிவிட்டு மறுபடி போடாமல் புதிதாக மாற்றுங்கள். பக்கத்து ஒயர்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள், கடித்திருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். காரில் உட்கார்ந்து கடலை தின்னும் பிள்ளைகளிடம் சீட்டுக்கு அடியில் தோல் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.