ஆன்ட்டிவைரஸை அணைச்சிட்டு இன்ஸ்டால் பண்ணலாமா? கேள்வி பதில்

திருமங்கலம், ஆடிட்டர் ஆபீஸ்: டிஜிட்டல் கையெழுத்து யூஎஸ்பி டோக்கனுக்கு டிரைவர் போட விடாம டிஃபெண்டர் (விண்டோஸோட வர்ற ஆன்ட்டிவைரஸ்) தடுக்குது. அணைக்கலாமா?

அணைக்கலாம். ஆனா ஃபைல் டோக்கன் கம்பெனி சைட்ல எடுத்ததா, வாட்ஸாப்ல வந்ததா? ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ்ல 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பாருங்க. கம்பெனி பேர் இருக்கணும். அடுத்து வைரஸ்டோட்டல்ங்கிற சைட்ல ஏத்துங்க, எழுபதுக்கு மேல ஆன்ட்டிவைரஸ் இன்ஜின் பாக்கும். ஒண்ணு ரெண்டு மட்டும் கத்துனா தப்பான எச்சரிக்கையா இருக்கலாம். இருபது கத்துனா அழிச்சிடுங்க. கிளையன்ட் பேப்பரை மட்டும் அங்க ஏத்தாதீங்க, அது மத்தவங்க கைக்கும் போகும்.

பிறகு விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ் போய் ரியல்-டைமை ஆஃப் பண்ணுங்க. நெட்டைக் கழட்டிட்டுப் போடுங்க. கொஞ்ச நேரத்துல அதுவே ஆன் ஆயிடும். அதுக்காகக் காத்திருக்காம நீங்களே ஆன் பண்ணி ஃபுல் ஸ்கேன் விடுங்க. அணைஞ்சிருந்தப்ப உள்ள வந்ததை அது பாத்திருக்காது.

மேலூர்: காசு குடுத்து வேற ஆன்ட்டிவைரஸ் வாங்கியிருக்கேன். டிஃபெண்டர்ல அந்த பட்டனே இல்ல.

வேற ஒண்ணு வந்தா டிஃபெண்டர் ஒதுங்கிக்கும். கடிகாரம் பக்கத்துல இருக்கிற அதோட ஐகானை ரைட் கிளிக் பண்ணி நிறுத்துங்க. பத்து நிமிஷம் போதும்.

வாடிப்பட்டி: ஃபயர்வாலும் (நெட் வழியா வர்றதைத் தடுக்கிறது) அணையுமா?

டிஃபெண்டர்ல அணையாது. அதைத் தொடாதீங்க.

ஆரப்பாளையம், ஃப்ளெக்ஸ் கடை: போட்டோஷாப் கிராக்குக்கு (காசு கட்டாம ஓட வைக்கிறது) அணைக்கச் சொல்லுதே?

அணைக்காதீங்க.

ஆரப்பாளையம்: எந்தக் கடையிலண்ணே ஒரிஜினல் இருக்கு? கிராக்னாலே வேணும்னே வைரஸ்ங்கிறாங்க.

பாதி உண்மை. எச்சரிக்கைல 'ஹேக்டூல்'னு (லைசென்ஸை உடைக்கிற கருவி) மட்டும் வந்தா நீங்க சொல்றது கொஞ்சம் எடுபடும். 'ட்ரோஜன்', 'ஸ்டீலர்'னு வந்தா? பிரவுசர்ல சேத்து வச்ச பாஸ்வேர்டெல்லாம் போயிடும். ஃபைலைப் பூட்டிட்டுக் காசு கேக்குற ஸ்டாப்-டிஜேவியூ ரான்சம்வேர் பரவுனதே பெரும்பாலும் கிராக் வழியாத்தான். சித்திரைத் திருவிழா ஆர்டர் நேரத்துல டிசைன் ஃபைல் ஒண்ணும் திறக்கலைன்னா என்ன பண்ணுவீங்க? டிசைனுக்கு ஜிம்ப், இங்க்ஸ்கேப் இலவசம்.

சிம்மக்கல், டிடிபி: குறுக்க வர்றேன். ஜிம்ப்ல சிஎம்ஒய்கே-ல (அச்சுக்கான நாலு மை கலர்) வேலை பாக்க முடியுமா? பிரஸ்காரர் நம்மளத்தான் திட்டுவாரு.

ஒத்துக்கிறேன், அது குறைதான். ஸ்கிரைபஸ்ங்கிற பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேர்ல கொண்டுபோய் வச்சு சிஎம்ஒய்கே பிடிஎஃப் எடுங்க.

சிம்மக்கல்: ரெண்டு வேலை.

கிராக்கால ஃபார்மேட் அடிச்சா எத்தனை வேலை?

உசிலம்பட்டி: கேம் கிராக்குக்கு அணைக்கலாமா?

மேல படிங்க தம்பி.

ஆரப்பாளையம்: சரிண்ணே, அணைக்கலை. அந்த ஃபோல்டரை மட்டும் எக்ஸ்குளூஷன்ல (ஸ்கேன் பண்ணாம விடுற பட்டியல்) போட்டா?

அது இன்னும் மோசம். அணைச்சதாவது திரும்ப ஆன் ஆகும். எக்ஸ்குளூஷன் நீங்க எடுக்குற வரைக்கும் அப்படியே கிடக்கும்.