வெளிநாட்டு சம்மர் ஸ்கூலுக்குப் போனவர்கள், அந்த ஊர் வழக்கங்களில் எதை அதிகம் ரசித்தீர்கள்?

நான் போனது பின்லாந்தில், யுவாஸ்குலா பல்கலைக்கழகம் ஆகஸ்டில் நடத்தும் சம்மர் ஸ்கூலுக்கு. வகுப்புகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் விரிவுரை, மதியம் பயிற்சிக் கணக்குகள். வளாகம் அழகு. கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ 1950களில் வடிவமைத்த செங்கல் கட்டடங்கள், சுற்றிலும் பைன் மரங்கள்.

ரசித்தது என்றால் சானாதான், அதாவது சூடேற்றிய அறையில் உட்கார்ந்து வியர்க்கும் நீராவிக் குளியல். சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் 30 லட்சத்துக்கும் மேல் சானாக்கள். 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வெளியூர் மாணவர்கள் வந்தால் ஏரிக்கரை சானாவுக்குக் கூட்டிப்போகாமல் விடமாட்டார்கள்.

ஆண்கள் தனி, பெண்கள் தனி. உள்ளே பொதுவாக உடை கிடையாது. கூச்சமாக இருந்தால் துண்டு கட்டிக்கொள்ளலாம், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குளித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும், பலகையில் துண்டு விரித்துத்தான் உட்கார வேண்டும். புதிதாகப் போகிறவர்களுக்குக் கீழ்வரிசைப் பலகையே நல்லது, சூடெல்லாம் மேலேதான். அடுப்பின் மேல் குவித்திருக்கும் கற்களில் ஒருவர் அகப்பையால் தண்ணீர் ஊற்றுவார். 'உஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான் என்று தோன்றும். அப்புறம் ஆவி கூரையில் முட்டிக் கீழே இறங்கும். முதலில் காதுமடல் சுடும், பிறகு தோள். தாங்க முடியாதபோது எழுந்து ஓடி ஏரியில் விழ வேண்டியதுதான். கோடையிலும் அந்தத் தண்ணீர் மூச்சை ஒரு கணம் நிறுத்தும்.

காலையில் பாடம் நடத்திய பேராசிரியர் பக்கத்துப் பலகையில் வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தார். வகுப்பில் கேட்கத் தயங்கியதை அங்கே கேட்டேன். வெகுநேரம் பதிலே இல்லை. கோபமோ என்று நினைத்தேன், யோசித்துக்கொண்டிருந்தாராம். பேச்சின் நடுவே மௌனம் வந்தால் அதை நிரப்ப அங்கே யாரும் அவசரப்படுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்துப்போன வழக்கம் இது. (வளவளவென்று பேசுகிற ஆளுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.)

இன்னொன்று, காட்டில் பெர்ரி பறிப்பது. காடு யாருடையதாக இருந்தாலும் உள்ளே நடக்கலாம், காட்டுப் பெர்ரிகளைப் பறிக்கலாம். வீட்டு முற்றம் பக்கம் மட்டும் போகக்கூடாது. ஆகஸ்டில் நீலப் பெர்ரிகள் பழுத்துக் கிடக்கும், விரல் நுனியெல்லாம் ஊதாவாகிவிடும்.

போகிறவர்கள் இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று உட்கார, ஒன்று துடைக்க. நிகழ்ச்சி நிரலில் சானா என்று போட்டிருக்கும் மாலையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.