கேம் ஆடும்போது கிராபிக்ஸ் டிரைவர் ஏன் கிராஷ் ஆகிறது?

கேமிங் லேப்டாப்பில் ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் திரை கறுத்து, டிஸ்ப்ளே டிரைவர் செயலிழந்தது என்று ஒரு செய்தி வருகிறதா?

டிரைவர் என்பது விண்டோஸுக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் நடுவே பேசும் மென்பொருள். கொடுத்த வேலைக்கு 2 நொடிக்குள் பதில் வராவிட்டால், சிப் உறைந்துவிட்டது என்று விண்டோஸ் முடிவு செய்து டிரைவரை மறுபடி தொடங்கும். கூப்பிட்டும் பேசாதவரைத் தோளைப் பிடித்து உலுக்குவது போலத்தான். முழுக் கணினியும் உறைந்து நிற்காமல் காப்பதற்கான ஏற்பாடு இது.

சரி, பதில் ஏன் தாமதமாகிறது? லேப்டாப்பில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டைத்தான். பல மாடல்களில் பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே வெப்பக் குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று கொதித்தால் மற்றதும் தவிக்கும். காற்றுத் துளைகளில் உள்ள தூசியை அகற்றுங்கள், மெத்தைமேல் வைத்து ஆடாதீர்கள், லேப்டாப்போடு வந்த சார்ஜரையே செருகுங்கள். ஓவர்கிளாக் (சிப்பை அதன் இயல்பான வேகத்தைத் தாண்டி ஓட்டுவது) செய்திருந்தால் பழைய அளவுக்கே திருப்புங்கள். இதைச் செய்யாமல் டிரைவரை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் அலைச்சல்.

அப்புறமும் தொடர்ந்தால், சேஃப் மோடில் (அவசியமானவை மட்டும் இயங்கும் விண்டோஸ் நிலை) பழைய டிரைவரை முழுதாக நீக்கிவிட்டு, லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள டிரைவரைப் போடுங்கள். பிராசஸருக்குள் இருக்கும் இன்னொரு கிராபிக்ஸ் சிப்பின் டிரைவரையும் மறக்க வேண்டாம். பலரும் அதைத் தொடுவதே இல்லை.

புதிய டிரைவர்தான் எப்போதும் சிறந்தது என்று நினைக்க வேண்டாம்: அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால், முந்தைய பதிப்புக்குத் திரும்புவதே சரியான தீர்வாக இருக்கலாம்.